ஆணையும் அளவுகோலும்

கர்நாடக மாநிலத்தின் எல்லையில், ஒசூருக்கு அண்மையில் உள்ளது ஆனேக்கல். அவ்வட்டத்தில் தமிழர் பலர் ஆலைகளில் உழைத்தும் கடை வைத்தும் வாழ்கின்றனர். அவர்களுள் ஒருவரின் கடை உரிமம் ரத்தாயிற்று என்று ஓர் ஆணை வருவதாகக் கொள்வோம். காரணம் கூறப்படவில்லை, விளக்கமும் கேட்கப்படவில்லை. அயல் மாநிலத்தில் யாரிடம் முறையிடுவது என்று அவர் மலைத்தல் இயல்பே.

அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு கூறும் சமத்துவம், பிறந்த மாநிலம் எதுவென வினவுவதில்லை. 350ஆம் பிரிவின்படி, குறை தீர்க்கக் கோரும் மனுவை அம்மாநிலத்தில் வழங்கும் எம்மொழியிலும் அதிகாரியிடம் அளிக்கலாம். மேல்முறையீட்டுக்குச் சட்டம் வழி வகுத்திருப்பின், பெரும்பாலும் அவ்வழியே முதலில் செல்லுதல் வேண்டும். அதன்பின், 226ஆம் பிரிவின் கீழ், பெங்களூரிலுள்ள உயர் நீதிமன்றத்தை ரிட் மனுவுடன் அணுகலாம்.

அங்கே நீதிபதி அதிகாரியின் நாற்காலியில் அமர்ந்து உரிமம் வழங்குவதில்லை. அதிகாரம் சட்டத்தால் தரப்பட்டதா, பாதிக்கப்பட்டவர் சொல் கேட்கப்பட்டதா, முடிவு மனம்போன போக்கில் எழுந்ததா என்பனவற்றையே ஆராய்கிறார்.

இவ்வளவுகோல் செம்மையுற்றதில் தமிழகத்து வழக்கொன்றுக்குப் பங்குண்டு. தலைமைச் செயலாளராயிருந்த இ. பி. ராயப்பா, தம்மை வேறு பதவிக்கு மாற்றியதை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டை நாடினார். தீய நோக்கம் மெய்ப்பிக்கப்படாமையால், 1973 நவம்பரில் மனு தள்ளுபடியாயிற்று. ஆயினும், தன்னிச்சையான செயல் சமத்துவத்துக்குப் பகை என்று நீதிபதி பகவதி அத்தீர்ப்பில் வகுத்த நெறி நிலைத்தது. மனுதாரர் தோற்றார், குடிமக்கள் வென்றனர்.

அந்நெறி அரசாங்க வழக்கறிஞர்களையும் காத்தது. உத்தரப் பிரதேச அரசாங்கம் 1990இல் மாவட்ட அரசாங்க வழக்கறிஞர் அனைவரையும் ஒரே சுற்றறிக்கையால் விலக்கியபோது, சுப்ரீம் கோர்ட் அதனைச் செல்லாதென்றது. அப்பணி பொதுநலம் சார்ந்தது என்பதே கருத்து. ஆகவே, பிழையான ஆணையை எவ்வாறேனும் காப்பது அவ்வழக்கறிஞரின் கடமையன்று. அதனைத் திருத்துமாறு இலாகாவுக்கு அறிவுரை கூறுவதும் அவர் கடமையே.

வழக்கறிஞருக்குப் பொருளில்லையே என்று அஞ்ச வேண்டுவதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் சட்டப்படி பெண்டிர், பட்டியல் இனத்தவர், தொழிலாளர் முதலியோர் இலவச உதவி பெறலாம். வட்ட அளவிலும் அதற்குக் குழுக்கள் உண்டு. ஆணையின் நகலையும் அது கிடைத்த நாளையும் பேணி வையுங்கள். காலந்தாழ்த்தினால் நியாயமான வழக்கும் வலுவிழக்கும்.