குடியும் குடித்தனமும்

முட்டத்துக் கலங்கரை விளக்கத்தினடியில் நின்று கடலைப் பார்ப்பதற்கென்று வெளியூர்களிலிருந்து வருகிறவர்கள் ஏராளம். பாறைகளையும் அலைகளையும் கண்டு வியந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் அவர்கள் திரும்பி விடுவார்கள். அதன் பிறகு ஊருக்குள் சில வீடுகளில் விளக்கேற்றியவுடன் தொடங்கும் கவலையை அவர்கள் அறியமாட்டார்கள். "இன்று எப்படி வருவாரோ!" என்பதே அந்தக் கவலை. இது முட்டத்துக்கு மட்டும் உரியதன்று. நாகர்கோவிலின் மாடி வீடுகளிலும், ஏன், இதை வாசிக்கும் நேயர்கள் சிலருடைய இல்லங்களிலுமே இது உண்டு. கதவைச் சாத்திக்கொள்ள வசதியுள்ள இடத்தில் சத்தம் வெளியே கேட்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் வகுப்பில் ஒரு பையன் திங்கட்கிழமைதோறும் வரமாட்டான். கேட்டால், "அப்பாவுக்குக் காய்ச்சல், சாரே!" என்பான். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகும் வழக்கமில்லை. அன்று மாலையில் தவறாமல் வந்து செவ்வாய்க் காலையில் விடைபெறும் அந்த விநோதக் காய்ச்சலைப் பற்றி அவன் தாயாரிடம் விசாரித்தோம். அந்த அம்மாளும் காய்ச்சல் என்றே சாதித்தார். வள்ளத்தின் சொந்தக்காரரிடமும் அதையே சொல்லியிருந்தார். குடித்த கடனைத் தம் கம்மலை அடகு வைத்துத் தீர்த்தவரும் அவரே.

அவருடைய அன்பில் குற்றம் காண நமக்கு மனம் வரவில்லை. ஆனால் குடித்தவர் கணவர், பொய் சொன்னவர் மனைவி, தலைகுனிந்தவன் பிள்ளை. குடித்தவருக்கு மட்டும் அதனால் யாதொரு நஷ்டமும் தெரியவில்லை! மறைக்க மறைக்க, அவர் திருந்துவதற்கான அவசியமே அவர் கண்ணில் படாமல் போயிற்று.

செல்வமும் செல்வாக்கும் உள்ள குடும்பங்களை இந்நோய் அண்டாதென்று எண்ணுவது பிசகு. மத்திய நிதி மந்திரியாயிருந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரர் ரங்கநாதன் குடிநோயினால் 1979-ல் காலமானார். அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன், அடுத்த ஆண்டிலேயே சென்னையில் கணவர் பெயரால் ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். வேறு குடும்பமாயிருந்தால் மூடி மறைத்திருக்கும் துயரத்தை அவர் பெயர்ப் பலகையிலேயே எழுதி வைத்துவிட்டார்! 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அந்த நிலையத்தில் குடிப்பவரோடு அவர் குடும்பத்தாருக்கும் தனியே ஆலோசனையும் பயிற்சியும் உண்டு. அமெரிக்காவிலும், குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக 1935-ல் ஒரு சங்கம் கண்டார்கள். அவர்களுடைய குடும்பத்தாருக்கென்றே 1951-ல் அல்-அனான் என்ற சங்கம் தோன்றிற்று.

மதுக்கடைகளை மூட வேண்டுமென்ற பெரிய வழக்கை நாம் இங்கே எடுக்கவில்லை. அதற்காக நம் மாவட்டத்து உண்ணாமலைக்கடையில் 2015-ல் காந்தியவாதி சசிபெருமாள் உயிரையே கொடுத்தார். ஆனால், கடை மூடும் வரையில் வீடு காத்திருக்க முடியுமா?

போதையில் இருப்பவரோடு வாதாடுவதில் பயனில்லை. காலையில் தெளிவாயிருக்கும்போது, பழைய கணக்குகளையெல்லாம் விரிக்காமல், நேற்று நடந்த ஒன்றை மட்டும் நிதானமாகச் சொல்லலாம். முதலாளியிடம் அவருக்காகப் பொய் சொல்வதையும், குடித்த கடனைத் தீர்ப்பதையும் நிறுத்தலாம். சோறு போடுவதை நிறுத்த வேண்டியதில்லை. கை ஓங்குகிறவராயிருந்தால், குழந்தைகளுடன் அண்டை வீட்டுக்குப் போய்விடுவதே முதற் கடமை. அதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

மற்றொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நெடுநாள் மிகுதியாய்க் குடித்தவரை அறைக்குள் பூட்டி வைத்து, "இன்றோடு நிறுத்து" என்கிறார்களே, அது ஆபத்து. முதல் நாளே கை நடுங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் புத்தி தடுமாறி உயிருக்கே மோசமாகலாம். வைத்தியர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். குழம்பில் இரகசியமாய்ப் பொடி கலப்பதும் இதே வகைப் பிசகுதான். ஆசாரிப்பள்ளத்து அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியை அணுகலாம். 14446 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனையும் கேட்கலாம்.

அந்த அம்மாள் ஒரு திங்கட்கிழமை வள்ளத்துக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். வீட்டில் பெரிய ரகளை. ஆயினும் இரண்டு வாரங்களில் கணவர் சிகிச்சைக்குப் போனார். மூன்று மாதம் நன்றாயிருந்துவிட்டு, ஒரு கலியாண வீட்டில் மறுபடியும் தொட்டுவிட்டார். அவ்வளவுதான் என்று ஊர் சொல்லிற்று. அம்மாளோ அவரை மறுபடியும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார்.

அன்றும் திங்கட்கிழமைதான். பையன் வகுப்பில் இருந்தான். அப்பா எங்கே என்று கேட்டோம்.

"ஆஸ்பத்திரியில், சாரே! குடியை நிறுத்தப் போயிருக்கிறார்" என்றான்.