உஷார்! கேஸ் வாடை வந்தால் ஃபேன் சுவிட்சைத் தொடாதீர்கள்!

காலையில் சமையலறைக் கதவைத் திறக்கிறீர்கள். கேஸ் வாடை மூக்கைத் துளைக்கிறது. பலருக்கும் கை முதலில் போவது எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சுக்குத்தான். வேண்டாம்! சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் உள்ளே சிறு தீப்பொறி தெறிக்கும். சமையல் கேஸ் பற்றிக்கொள்ள ஏறக்குறைய கால் மில்லிஜூல் ஆற்றலே போதும்.

காற்றில் கேஸ் சுமார் 2 முதல் 9 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் தீப்பிடிக்கும். 10க்கு 8 அடி சமையலறை முழுக்கச் சீராகப் பரவினால், 14.2 கிலோ சிலிண்டரிலிருந்து ஒரு கிலோ கசிந்தாலே அந்த அளவு வந்துவிடும். ஆனால் கேஸ் காற்றைவிடக் கனம். காற்று அசையாத அறையில் அது தரையோடு தேங்கும்; அங்கே ஆபத்து உண்டாக அதைவிடக் குறைவாகக் கசிந்தாலே போதும். அளவுக்கு மீறித் தேங்கி, பற்றாத நிலையில் இருந்த கேஸையும் ஃபேன் கலக்கிவிட்டுப் பற்றும் பதத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

'காற்று வீசினால் தீப்பொறி பிடிக்காதே' என்கிறீர்களா? பாதிதான் உண்மை. வேகமான காற்று தீப்பொறியின் சூட்டைக் கலைப்பதால் பற்றுவது கடினம். ஆனால் ஒருமுறை பற்றிவிட்டால், சுழலும் அதே காற்றே தீயை இன்னும் வேகமாகப் பரப்பும்.

அடுப்பிலும் இதே கதைதான். ஃபேன் காற்றில் லைட்டரை எத்தனை முறை அழுத்தினாலும் சில நேரம் பற்றாது. திறந்த பர்னரிலிருந்து கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். ஃபேனை நிறுத்திவிட்டு மறுபடி அழுத்தினால், சேர்ந்ததெல்லாம் 'குப்'பென்று முகத்தில் அடிக்கும். இரண்டு முறை அழுத்தியும் பற்றாவிட்டால் திருகை மூடுங்கள். ஜன்னலைத் திறந்து, வாடை முழுதும் போன பிறகே மறுபடி முயலுங்கள்.

கசிவு என்றால்:

* எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். தீக்குச்சி, லைட்டர், ஊதுபத்தி கூடாது.
* அடுப்புத் திருகையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள்.
* கதவு, ஜன்னல்களைக் கையால் திறந்து வையுங்கள். காற்று தானாக வந்து போகட்டும்.
* குழந்தைகள், பெரியவர்கள் எல்லோரையும் உடனே வெளியேற்றுங்கள். வாடை பலமாக இருந்தால் அடுப்பருகே போகாமல் நீங்களும் வெளியேறுங்கள்.
* வெளியே வந்த பிறகு 1906 என்ற கேஸ் அவசர உதவி எண்ணுக்குப் பேசுங்கள். மெக்கானிக் வந்து பார்த்துச் சரி சொல்லும்வரை அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.