மாநில எல்லையும் தண்டப்பணமும்: ஐக்கிய அமெரிக்கப் போக்குவரத்துச் சட்டம் பற்றிய ஒரு நோக்கு

ஐக்கிய அமெரிக்காவின் 50 மாநிலங்களும் தத்தமக்கெனப் போக்குவரத்துச் சட்டங்களையும் நீதிமன்றங்களையும் உடையன. சாரதி அனுமதிப்பத்திரத்தை வழங்குவதும் மாநிலமே. எனவே, பிறிதொரு மாநிலத்தில் விதிமீறலுக்காகக் குற்றச்சாட்டுப் பத்திரம் பெற்ற ஒருவர் அதனைத் தீர்க்காது ஊர் திரும்பினால், எல்லையோடு வழக்கும் முடிந்துவிடும் எனக் கருத இடமுண்டு. உண்மை அதுவன்று.

முன்னர் வெளிமாநிலச் சாரதி அவ்விடத்திலேயே பிணைப்பணம் கட்டவோ நீதவான் முன் செல்லவோ வேண்டியிருந்தது. இயலாதவர் தடுத்து வைக்கப்படலாம். உள்ளூர்ச் சாரதியோ கையொப்பமிட்டுவிட்டுப் போகலாம். இவ்வேற்றுமையைக் களையும் நோக்குடன் 1977 இல் உருவானதே வெளிமாநிலச் சாரதிகளின் விதிமீறல் பற்றிய உடன்படிக்கை. அலாஸ்கா, கலிபோர்ணியா, மிச்சிக்கன், மொன்ரானா, ஒறிகன், விஸ்கொன்சின் ஆகிய ஆறும் ஒழிந்த ஏனைய 44 மாநிலங்களும் கொலம்பியா மாவட்டமும் அதில் இணைந்தன. இதன்படி சாரதி பிணையின்றி விடப்படுகின்றார். அவர் பின்னர் பதிலளிக்காவிடின், அச்செய்தி அவரது சொந்த மாநிலத்துக்கு அறிவிக்கப்படும். வழக்குத் தீர்ந்தமைக்குச் சான்று காட்டும்வரை அம்மாநிலம் அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தும். வாகனத் தரிப்பிடக் குற்றங்கள் இதில் அடங்கா.

விளைவுகள் இத்துடன் நிற்பதில்லை. குற்றஞ்சாட்டிய மாநிலம் பிடியாணை பிறப்பிக்கலாம். சிறு குற்றத்துக்காக ஒருவரை மாநிலம் விட்டு மாநிலம் ஒப்படைக்குமாறு கோருதல் அரிதெனினும், அவர் மீண்டும் அங்கு செல்லும்போது கைதாகக்கூடும். 1960 இல் சட்டமாக்கப்பட்ட தேசிய சாரதிகள் பதிவேடு காரணமாக, வேறொரு மாநிலத்தில் புதிய அனுமதிப்பத்திரம் பெறுதலும் எளிதன்று. இடைநிறுத்தப்பட்ட நிலையில் வாகனம் செலுத்துதலோ தனிக் குற்றமாகும். இவ்வாறு சிறு கடனொன்று குற்றவியற் பொறுப்பாக வளர்கின்றது.

இங்கு ஒரு வர்க்கப் பிரச்சினை மறைந்துள்ளது. ரெக்சாசில் 425 டொலர் போக்குவரத்துத் தண்டப்பணத்தைச் செலுத்த வசதியற்ற ஒருவர், நாளொன்றுக்கு 5 டொலர் வீதம் சிறையிருந்து அதனைக் கழிக்குமாறு பணிக்கப்பட்டார். 1971 இல் டேற் எதிர் ஷோர்ட் வழக்கில் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் இதனைச் சம பாதுகாப்புக்கு முரணானதெனத் தீர்த்தது. 1983 இல் பெயார்டன் எதிர் ஜோர்ஜியா வழக்கு, சிறைக்கு அனுப்புமுன் செலுத்தாமை வேண்டுமென்றே நிகழ்ந்ததா என ஆராயவேண்டும் என்றது. ஆயின் இத்தீர்ப்புகள் சிறையைப் பற்றியவை. அனுமதிப்பத்திர இடைநிறுத்தம் சிறையன்று. ஆதலின் அத்தகைய விசாரணையின்றியே அது நிகழக்கூடும். பொதுப் போக்குவரத்துக் குறைந்த ஊர்களில் வாகனத்தை இழப்பவர் தொழிலையும் இழக்கின்றார். தொழிலை இழந்தவர் கடனை எவ்வாறு தீர்ப்பார்?

நீதித் திணைக்களத்தின் 2015 ஆம் ஆண்டு அறிக்கை, சுமார் 21,000 மக்கள் வாழ்ந்த மிசூரி மாநிலத்துப் பேர்கசன் நகரின் நீதிமன்றம் பிறப்பித்த பிடியாணைகள் 16,000 இற்கு மேற்பட்டோர் மீது நிலுவையிலிருந்தமையையும், வருவாய் நோக்கே அந்நீதிமன்றத்தை வழிநடத்தியமையையும், கறுப்பின மக்களே அதனாற் பெரிதும் பாதிக்கப்பட்டமையையும் வெளிப்படுத்தியது. 2017 இல் கலிபோர்ணியா தண்டப்பணம் செலுத்தாமைக்காக அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தும் வழக்கத்தைக் கைவிட்டது.

வெளிமாநிலத்தவரைச் சமமாக நடத்த எழுந்த ஏற்பாடு, பதிலளிக்க மறுப்பவரையும் பதிலளிக்க இயலாதவரையும் வேறுபடுத்தவில்லை. தொலைவிலுள்ள நீதிமன்றத்துக்குச் செல்லும் செலவும் இழக்கும் நாட்கூலியும் எல்லோருக்கும் ஒரே சுமையல்ல. இடைநிறுத்தத்துக்கு முன்னர், அறிவித்தல் உரியவரைச் சேர்ந்ததா, செலுத்தும் ஆற்றல் அவருக்கு உண்டா என்னும் இரு வினாக்கள் கேட்கப்படும்போதே அவ்வேற்பாட்டின் நோக்கம் முழுமை பெறும்.