திப்பி கோழித்தீவனமாகும் வழி

இறைச்சிக்காக வளர்க்கப்படும் பிராய்லர் கோழி ஆறு வாரத்துக்குள் ஏறத்தாழ 2 கிலோ எடையை எட்டுகிறது. வளர்ப்புச் செலவில் 100 ரூபாய்க்கு 65 முதல் 70 ரூபாய் வரை தீவனத்துக்கே போவதாலும், தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளமாக இருப்பதாலும், எத்தனால் ஆலைகளும் அதே தானியத்தை நாடும் இக்காலத்தில் பண்ணையாளர்களின் பார்வை பயிர்களின் துணைவிளைபொருட்கள் மீது திரும்பியிருக்கிறது. விரிஞ்சிபுரத்தைச் சூழ்ந்த பாலாற்றங்கரை ஊர்களில் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் உண்டு. சேலம், நாமக்கல் பகுதியின் ஜவ்வரிசி ஆலைகளிலோ மரவள்ளிக்கிழங்கை அரைத்து மாவுப்பாலை வடித்தபின் 'திப்பி' என்னும் சக்கை எஞ்சுகிறது.

உலர்ந்த திப்பியில் மாவுச்சத்து பாதியளவுக்குத் தங்கியிருந்தாலும் புரதம் மிகச் சொற்பம். நாரோ மிகுதி, அதைச் செரிக்கும் நொதிகள் கோழிக்கு இல்லை. இக்குறையைப் போக்கவே, ஈரப்படுத்தி வேகவைத்த திப்பியில் யூரியா அல்லது அம்மோனியம் சல்பேட்டைக் கலந்து, டிரைக்கோடெர்மா போன்ற பூஞ்சைகளின் தேர்ந்த வகையை வளர்க்கும் திடநிலை நொதித்தல் முறை உருவாயிற்று. திருவனந்தபுரத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் மரவள்ளியில் இம்முறையை ஆராய்ந்துள்ளது. பூஞ்சை நாரை உடைத்து, மாவுச்சத்தை உண்டு, நைட்ரஜனைத் தன் உடற்புரதமாக மாற்றிக்கொள்கிறது.

இங்கு ஓர் எச்சரிக்கை மிக அவசியம். ஆய்வுக்கூடங்கள் தீவனத்தின் நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கி வரும் எண்ணையே 'கச்சாப் புரதம்' என்று குறிப்பதால், பூஞ்சை பயன்படுத்தாமல் விட்ட யூரியாவும் புரதக் கணக்கில் ஏறிவிடுகிறது. மாட்டின் அசையிரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் யூரியாவிலிருந்து புரதம் உண்டாக்கும். கோழிக்கு அந்த வசதி இல்லை. ஆகவே செறிவூட்டலை லைசின், மெத்தியோனின் ஆகிய அமினோ அமிலங்களின் அளவைக் கொண்டே மதிப்பிட வேண்டும். மரவள்ளியில் எஞ்சும் சயனைடு நஞ்சை முறிக்கக் கோழியின் உடல் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்களைச் செலவிடுவதால் மெத்தியோனின் தேவை மேலும் கூடுகிறது.

தவிட்டின் சிக்கல் வேறு: அதன் பாஸ்பரஸ் பெரும்பாலும் பைடேட் என்னும் சேர்மத்தில் கட்டுண்டிருப்பதால், அதை விடுவிக்கும் பைடேஸ் நொதியைத் தீவனத்தில் கலக்கிறார்கள்.

எந்தப் பொருளானாலும் நன்கு உலராவிட்டால் வேண்டாத பூஞ்சணம் பற்றி அப்ளாடாக்சின் நஞ்சு சேரும். 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டதற்கு நஞ்சேறிய கடலைப் பிண்ணாக்கே காரணம். சோதித்துத் தேறிய திப்பியையும் குஞ்சுப் பருவத்துக்கான ஸ்டார்ட்டர் தீவனத்தில் சேர்க்காமல், வளர்ந்த கோழிக்கான பினிஷர் தீவனத்தில் மக்காச்சோளத்தின் சிறு பங்குக்கு மாற்றாகத் தொடங்கி, எடை கூடும் வேகத்தைப் பார்த்து அளவை உயர்த்துவதே தகும்.