மூடி வைத்த ஏடுகள் – 9: தொரப்பாடியில் மூன்று மாதம்

வேலூர் தொரப்பாடி மத்திய சிறையில் கைதிகள் இன்று காவலர்களுக்கு பூட்ஸ் தைக்கிறார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று தோலை நம்பிப் பிழைக்கும் ஊர்களுக்கு நடுவில் இருக்கும் சிறைக்குப் பொருத்தமான தொழில்தான். ஆனால் அந்த மதில்களைத் தாண்டி வெளியே வந்தவற்றில் அதிகம் பேசப்பட்டது காலணி அல்ல, ஒரு நாட்குறிப்பு.

1921 டிசம்பர் 21 அன்று உள்ளே போன அந்தக் கைதிக்கு வயது 43. சேலத்தில் நல்ல வரும்படி பார்த்த வக்கீல். ஒத்துழையாமை இயக்கத்துக்காகத் தொழிலை உதறியவர். மனைவி அலர்மேல் மங்கை இறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. வீட்டில் தாயில்லாத ஐந்து பிள்ளைகள். உடம்பில் விடாத ஆஸ்துமா. தடையுத்தரவை மீறிய குற்றத்துக்கு மூன்று மாத வெறுங்காவல். சி. ராஜகோபாலாச்சாரி பிறந்தது தொரப்பள்ளி, சிறைப்பட்டது தொரப்பாடி. எதுகைக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், வேறு பொருத்தம் கிடையாது.

அந்த மூன்று மாதமும் அவர் நாட்குறிப்பு எழுதினார். அதில் ஒரே ஒரு தேதிதான் இன்றுவரை மேடைகளில் அடிபடுகிறது: 1922 ஜனவரி 24. சுயராஜ்யம் வந்ததும் நல்லாட்சியும் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம், வெகுகாலத்துக்கு வராது என்று அன்று எழுதினார். தேர்தலும் அதன் ஊழலும் பணக்காரர்களின் அதிகாரமும் திறமையற்ற நிர்வாகமும் சேர்ந்து வாழ்க்கையை நரகமாக்கும், பழைய ஆட்சியே தேவலை என்று ஜனங்கள் ஏங்கும் நாள் வரும் என்றும் எழுதினார். மிஞ்சப்போகும் லாபம் மானம் ஒன்றுதான், குழந்தையிலிருந்தே நல்லொழுக்கம் கற்றுத் தரும் கல்வியை விட்டால் நம்பிக்கைக்கு வேறு இடமில்லை என்பது அவர் கணிப்பு.

இதைத் தீர்க்கதரிசனம் என்று கொண்டாடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. எழுதியவர் அப்போது காங்கிரஸின் பொதுச் செயலாளர். நாடு முழுக்க ஆயிரக்கணக்கானோர் சுயராஜ்யம் என்று சொல்லிச் சிறைக்குப் போய்க்கொண்டிருந்த மாதம் அது. மேடையில் இதைச் சொல்லியிருந்தால் கூட்டம் கலைந்திருக்கும், கட்சி உடைந்திருக்கும். தான் உயிரைக் கொடுத்து நம்பும் ஒன்றின்மேல் தனக்கே இருக்கிற சந்தேகத்தை அவர் சொல்ல முடிந்த ஒரே இடம் அந்த ஏடு. அந்தரங்கம் என்றாலே படுக்கையறை என்று நினைக்கிறோம். ஒரு மனிதர் தன் சந்தேகத்தை மறைக்கும் அளவுக்குத் தன் ஆசையைக்கூட மறைப்பதில்லை.

மார்ச் 20-ஆம் தேதி விடுதலை. அதே ஆண்டில் நாட்குறிப்பு ஆங்கிலத்தில் புத்தகமாகவும் வந்துவிட்டது. தமிழிலும் சிறை அனுபவங்களை ‘சிறையில் தவம்’ என்ற தலைப்பில் எழுதினார். ஆக, எழுதியதும் அவரே, ஊருக்குக் கொடுத்ததும் அவரே. சந்தேகமும் அவருடையது மட்டுமே, அதனால் யார் வீட்டு மானமும் போகவில்லை. நாட்குறிப்பு எழுதும் எல்லோருக்கும் இந்த வசதி வாய்ப்பதில்லை.

இதே தோல் வட்டாரத்தின் வீடுகளுக்கு வருவோம். ஜனவரி பிறந்தால் கம்பெனிகளும் கெமிக்கல் வியாபாரிகளும் தரும் டைரிகள் இங்கே வீடுகளுக்குள் வந்து சேரும். அட்டையில் கம்பெனி முத்திரை, முதல் பக்கங்களில் விடுமுறைப் பட்டியல், கடைசியில் டெலிபோன் நம்பருக்கான இடம். அப்பா எழுதாமல் வைத்ததை அடுத்த வருடம் பிள்ளைகள் எடுப்பார்கள், அச்சிட்ட தேதியை அடித்துவிட்டுப் பேனாவால் வேறு தேதி போட்டுக்கொண்டு. பால் கணக்கு, சீட்டுக் கட்டிய தேதி, ஓவர்டைம் எத்தனை மணி நேரம், நகை அடகு வைத்த ரசீது எண். இவற்றுக்கு நடுவில், எந்தக் கணக்கிலும் சேராமல் ஒற்றை வரி ஒன்று கிடக்கும். ‘இன்று பேசவில்லை’ என்பதுபோல. யார் பேசவில்லை, ஏன் பேசவில்லை என்பது எழுதியவருக்கு மட்டும் தெரியும்.

ஷூ கம்பெனிகளில் தைப்பிலும் ஒட்டுதலிலும் பெரும்பகுதி வேலை பெண்களுடையது. விடியற்காலையில் கம்பெனி பஸ், மாலையில் வீட்டு வேலை. இரண்டு அறை வீட்டில் ஐந்தாறு பேர். பூட்டு போட்ட அலமாரி இருந்தாலும் சாவி மாமியார் இடுப்பில். இப்படியொரு வாழ்க்கையில் மனதில் உள்ளதை எழுதி வைக்க ஏது இடம்? கணக்குக்கு நடுவில் போட்ட அந்த ஒற்றை வரிதான் இடம். இலக்கியக்காரர்கள் அதை நாட்குறிப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒப்புக்கொள்ள வேண்டும்.

வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் இன்னொரு வசதியும் உண்டு. தமிழும் உருதுவும் ஒரே வீட்டில் புழங்கும் ஊர்கள் இவை. ஓர் எழுத்து தெரிந்தவருக்கு மற்றது தெரியாமல் போகலாம். எழுத்தையே பூட்டாக்கிக்கொள்வது உலகெங்கும் நாட்குறிப்புக்காரர்கள் செய்த வேலைதான். 1660 முதல் ஒன்பது வருடம் எழுதிய லண்டன் அதிகாரி சாமுவேல் பீப்ஸ் சுருக்கெழுத்தில் எழுதினார். பெண்கள் சமாசாரம் வரும்போது அந்தச் சுருக்கெழுத்திலும் ஸ்பானிஷையும் பிரெஞ்சையும் கலந்து குழப்பினார். அப்படியும் 1825-ல் அச்சேறிவிட்டது. கத்தரிக்காத பதிப்பு வர 1970 ஆயிற்று.

யார்க்‌ஷயரின் ஆன் லிஸ்டர் கதை இன்னும் அழுத்தமானது. 1840-ல் இறந்த இந்த நிலச்சுவான்தார் பெண் சுமார் ஐம்பது லட்சம் சொற்கள் எழுதியிருக்கிறார். அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சங்கேத எழுத்து. கிரேக்க எழுத்துகளும் அல்ஜீப்ராக் குறிகளும் கலந்து அவரே உண்டாக்கியது. பெண்கள்மேல் கொண்ட காதலும் உடலுறவும் அந்தப் பகுதியில்தான் இருந்தன. 1890-களில் அதே குடும்பத்தின் ஜான் லிஸ்டர் தன் நண்பர் ஆர்தர் பரலோடு உட்கார்ந்து சங்கேதத்தை உடைத்தார். படித்ததும் இருவருக்கும் பகீரென்றது. எரித்துவிடு என்றார் பரல். ஜான் எரிக்கவில்லை, ஷிப்டன் ஹால் வீட்டுச் சுவரின் மரப்பலகைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். 1988-ல் ஹெலினா விட்பிரெட் தொகுத்த புத்தகத்தின் வழியாகத்தான் அந்தப் பகுதிகள் வாசகர்களுக்குக் கிடைத்தன. 2011-ல் யுனெஸ்கோவின் பிரிட்டன் நினைவுப் பதிவேட்டில் அந்த ஏடுகள் இடம்பிடித்தன. எரிக்கச் சொன்னவர் பேச்சைக் கேட்டிருந்தால்?

நம் பக்கம் எரிப்பதற்கு ஒரு பண்டிகையே இருக்கிறது. போகியன்று போகாத நோட்டுகள் எடைக்குப் போகும், பழைய பேப்பர் கடைத் தராசில் கிலோக் கணக்கில். ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்து வேலூரில் மருத்துவமனையும் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கிய ஐடா ஸ்கடரின் ஆவணங்கள் அமெரிக்காவில் ஹார்வர்டின் ஷ்லெசிங்கர் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவரிடம் பிள்ளை பெற்றுப்போன பெண்கள் தங்கள் வலியை எழுதி வைத்தார்களா, வைத்திருந்தாலும் யார் பாதுகாத்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல எந்த நூலகமும் இல்லை.

பாதுகாத்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு, ஏட்டில் அடுத்தவரும் வருவார். எழுதுகிறவரின் அந்தரங்கம் அவருக்கு மட்டும் சொந்தமில்லை என்பது இந்தியாவில் சட்டமானதும் ஒரு சிறைக் கையெழுத்துப் பிரதியால்தான். அதுவும் பாலாற்றின் மறுகரையில், காங்கேயநல்லூரில் பிறந்த ஒருவரால். ஆட்டோ சங்கர் என்று தமிழ்நாடு அறிந்த கௌரிசங்கர், ஆறு கொலைகளுக்காக 1991-ல் செங்கல்பட்டு நீதிமன்றத்தில் தூக்குத் தண்டனை பெற்றவர். சிறையில் சுமார் 300 பக்கத்தில் தன் வரலாற்றை எழுதி மனைவியிடம் கொடுத்தார். ‘நக்கீரன்’ இதழ் அதைத் தொடராக வெளியிடப்போவதாக 1994 மே மாதம் அறிவித்தது. அதிகாரிகளோடு தனக்கு இருந்த நெருக்கத்தை அவர் அதில் எழுதியிருப்பதாகப் பேச்சு. ஜூன் 15-ஆம் தேதி சிறைத்துறைத் தலைவரிடமிருந்து கடிதம் போனது: இது அவர் எழுதியதே இல்லை, வெளியிட்டால் நடவடிக்கை.

‘நக்கீரன்’ ஆசிரியர் ராஜகோபால் உச்ச நீதிமன்றம் போனார். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 1994 அக்டோபர் 7-ஆம் தேதி நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டியது. வெளியிடும் முன்பே தடுக்க அரசுக்கும் அதிகாரிகளுக்கும் அதிகாரமில்லை, அவதூறு என்றால் பிறகு வழக்குப் போடட்டும். ஆனால் ஒருவருடைய குடும்பம், திருமணம், தாய்மை போன்றவற்றை அவர் சம்மதமில்லாமல் எழுதுவது அந்தரங்க உரிமையை மீறுவதே. நீதிமன்ற ஆவணங்கள் போன்ற பொதுப் பதிவுகளில் உள்ளதை மட்டும் யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆட்டோ சங்கர் 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்தத் தீர்ப்பு நிலைத்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் சொன்னபோது அதையும் எடுத்துப் பேசினார்கள். ஒரு கொலைக் குற்றவாளியின் கையெழுத்துப் பிரதி நாட்டின் அந்தரங்கச் சட்டத்துக்கு அடி எடுத்துக் கொடுத்திருக்கிறது. விசித்திரம்தான்.

அதிகாரிக்கு எதிராகச் சட்டம் இவ்வளவு சொன்னது. கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில்? அங்கே இன்னும் இழுபறி. மனைவிக்குத் தெரியாமல் எடுத்த செல்போன் அழைப்பு விவரங்களைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. வேறொரு தம்பதியின் வழக்கில், ரகசியமாகப் பதிவு செய்த பேச்சையும் மணவழக்கில் சாட்சியமாக வைக்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரகசியமாக எடுத்த பேச்சுக்கே இந்தக் கதி என்றால், அலமாரியிலிருந்து எடுத்த நோட்டை நீட்ட ஒரு வக்கீல் யோசிப்பாரா? செல்போனில் நாட்குறிப்பு எழுதும் தலைமுறைக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. போனுக்கு விரல்ரேகைப் பூட்டு இருக்கிறது என்ற தைரியம் அவர்களுக்கு. வீட்டில் எல்லோருக்கும் அந்தப் போனின் பின் நம்பர் தெரியும் என்பது வேறு விஷயம்.

வாலாஜாப்பேட்டைப் பக்கத்து வேலத்தில் வேர்கொண்ட மு. வரதராசனார் அடுத்தவரைப் பற்றி எழுதும் சிக்கலுக்கு வேறு வழி கண்டார். ‘அகல் விளக்கு’ நாவலில் தன் வட்டாரத்து இளைஞன் ஒருவனின் காமத்தையும் சரிவையும் நோயையும், கூட வளர்ந்த நண்பன் வாயால் சொல்ல வைத்தார். 1961-ல் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற நூல். நாவலாசிரியருக்கு அந்தச் சலுகை உண்டு, பெயரை மாற்றிவிடலாம். நாட்குறிப்புக்காரர் பெயரை மாற்றினால் பத்து வருடம் கழித்து அவருக்கே யார் என்று நினைவிருக்காது.

எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொடரின் சிபாரிசு இதுதான். பயந்து நிறுத்த வேண்டாம். உங்களைப் பற்றி எழுதும்போது முழுப் பெயரும் முழு உண்மையும் எழுதுங்கள். அடுத்தவர் வரும் இடத்தில் முதலெழுத்தோடு நிறுத்துங்கள். ஏட்டின் முதல் பக்கத்தில், உங்களுக்குப் பிறகு இதை யாரிடம் கொடுப்பது, எரிப்பதா வைப்பதா என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஆன் லிஸ்டர் அதை எழுதி வைக்கவில்லை. முடிவு ஜான் லிஸ்டர் கைக்குப் போனது.

அடுத்த வாரம்: 25 வருடம் எழுதி, பிரெஞ்சுப் புதுச்சேரி விழுவதற்கு நான்கு நாள் முன்பு 1761 ஜனவரி 12 அன்று கண்மூடிய ஆனந்தரங்கப் பிள்ளை.

(தொடரும்)