டாலர் வைத்த பெயர்!

"ராத்திரி ரெண்டு மணிக்கு, பதினெட்டு பேரோட ஓவர்டைம் கணக்கைக் குறைச்சிருக்கா சார் அந்தப் பொண்ணு. கம்ப்யூட்டரே சொல்லுது, பாருங்க!"

மானேஜர் நீட்டிய காகிதத்தில் 'மாற்றியவர்' என்ற கட்டம் முழுக்க ஒரே பெயர். எங்கள் குருவிநத்தத்துப் பெண். சிபாரிசு செய்து வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். (கம்பெனி பெயர் வேண்டாமே... வில்லியனூர் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அண்ணே, ரெண்டு மணிக்கு நம்ம ஊர்லேர்ந்து ஏது பஸ்ஸு?" என்றாள். அழுகைக்கு நடுவிலும் நியாயமான கேள்வி!

மானேஜர் அசையவில்லை. "திங்கட்கிழமையிலேர்ந்து வர வேணாம்னு சொல்லிடுங்க" என்றார்.

காகிதத்தை மறுபடி பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு தடவையும் அவள் பெயருக்குப் பின்னால் குட்டியாக ஒரு டாலர் குறி! "அதுவா... ஏதோ பிரின்ட்டர் கோளாறு" என்றார் மானேஜர். எனக்கோ வயிற்றைக் கலக்கியது. விண்டோஸில் டாலரோடு முடியும் அந்த மாதிரிப் பெயர், மனிதருக்கு உரியதில்லை, கம்ப்யூட்டருக்கு உரியது. அந்த ஆபீஸில் யார் உட்காருகிறாரோ அவர் பெயரையே மெஷினுக்கும் வைத்திருந்தார்கள்!

சரி, மெஷின் எதற்கு ராத்திரியில் எழுந்து கணக்கு எழுதுகிறது?

இங்கேதான் என் வண்டவாளம். அரை மணிக்குக் குறைந்த ஓவர்டைம் நிமிடங்களைத் தள்ளிவிடும் புரோகிராம் ஒன்று, கம்பெனி உத்தரவுப்படி முன்பே உண்டு. அதுவரை என் லாகினில் ஓடியது, 'மாற்றியவர்' கட்டத்தில் என் பெயர் விழுந்தது, யாரும் கேட்கவில்லை. இரண்டு வாரம் முன்பு அதை அவள் மெஷினில், தானே ஓடும் சர்வீஸாக மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனவன் சாட்சாத் நானேதான்!

அந்த சர்வீஸ் 'நெட்வொர்க் சர்வீஸ்' என்ற கணக்கில் ஓடியது. சொந்த மெஷினுக்குள் அதற்கு அந்தப் பெயர். வெளியே, வேறு மெஷினிலிருக்கும் எஸ்.க்யூ.எல். சர்வரைத் தேடிப் போனால், தன் மெஷினின் பெயரைத்தான் சொல்லும். குருவிநத்தத்துக்குள் நான் இன்னார் மகன். கடலூருக்குப் போனால் வெறும் 'பாண்டிக்காரர்'. அதே கதை! டொமைனில் இருக்கும் எல்லாருக்கும் அனுமதி என்று யாரோ தாராளமாகத் திறந்து வைத்திருந்ததால், தடுப்பாரும் இல்லை.

'மை எஸ்க்யூஎல்'லிலும் இப்படி ஒரு கூத்து உண்டு. அங்கே பெயர் மட்டும் போதாது; எந்த இடத்திலிருந்து வருகிறீர்கள் என்பதும் சேர்ந்துதான் ஆள். 'யூசர்' என்று கேட்டால், நீங்கள் யாரென்று சொல்லிக்கொண்டு வந்தீர்களோ அதைச் சொல்லும். 'கரன்ட் யூசர்' என்று கேட்டால், உங்களை யார் கணக்கில் உள்ளே விட்டது என்று சொல்லும். கல்யாண வீட்டில் "நான் மாப்பிள்ளைக்குப் பெரியப்பா" என்று நுழைந்தவரை, வாசலில் இருந்தவர் 'சமையல் ஆள்' என்று எழுதிக்கொண்ட மாதிரி! இரண்டும் வேறாக இருந்தால் கோளாறு எங்கே என்று பாதி தெரிந்துவிடும்.

ஆகவே, எதிர்பாராத பெயர் தெரிந்தால் ஆளைப் பிடிக்காதீர்கள். டேட்டாபேஸையே கேளுங்கள்: உள்ளே வந்த பெயர் என்ன, எந்த மெஷின், எந்தப் புரோகிராம்? அப்புறம், அந்தப் புரோகிராம் யார் கணக்கில் ஓடுகிறது என்று பாருங்கள்.

அன்றே அந்த சர்வீஸுக்குத் தனியாக ஒரு கணக்கு ஆரம்பித்தேன். ஓவர்டைம் பட்டியலைத் தவிர வேறெதையும் அது தொட முடியாது. பெயரும், பார்த்தவுடனே இது ஆள் இல்லை என்று தெரிகிற மாதிரி வைத்தேன். தாராள அனுமதியையும் எடுத்துவிட்டேன். பிறகு மானேஜரிடம் போய், "திங்கட்கிழமை வர வேண்டாதது நான்தான் சார்" என்றேன். கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு, அந்தப் பெண்ணின் வீட்டுக்கு அவரே போன் போட்டார்.

திங்கட்கிழமை வந்தாள். சீட்டில் உட்காரவில்லை.

"என்னம்மா?"

"முதல்ல இந்த மெஷினுக்கு என் பேரை எடுங்கண்ணே. அப்புறம் உக்கார்றேன்."

இப்போது அதன் பெயர் வெறும் 'மெஷின்-7'. அதன் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை!