மேகத்துக்கு மேலிருந்து தெதுரு ஓயா

சிலாபத்தில் ஒரு துளி மழை விழாத நாளிலும் வெள்ளம் வரலாம். தெதுரு ஓயாவின் நீரேந்துப் பகுதியில் பெரும்பங்கு குருணாகல் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே கொட்டிய மழையெல்லாம் சிலாபத்துக்கு வடக்கே வந்துதான் கடலில் விழ வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் இந்த ஓயா பெருக்கெடுத்தபோது, சிலாபம் பொது மருத்துவமனைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. அதே நாட்களில் புத்தளம்–அனுராதபுரம் வீதியில் கலா ஓயா வெள்ளம் ஒரு யாழ்ப்பாணம்–கொழும்பு பஸ்ஸை மறித்துக்கொண்டது. சுமார் எழுபது பேர் ஒரு வீட்டுக் கூரையில் ஏறி உயிர் தப்பினார்கள்.

புயல் நேரத்தில் வானம் முழுக்க மேகம். சாதாரணக் கமெரா கொண்ட செய்மதிக்கு அப்போது வெண்மை தவிர எதுவும் தெரியாது. ஐரோப்பாவின் சென்டினல்-1 போன்ற ராடார் செய்மதிகள் அப்படியல்ல. அவை அனுப்பும் 5.6 சென்ரிமீற்றர் அலை மேகத்தையும் இருளையும் ஊடுருவிவிடும். கரடுமுரடான நிலம் அந்த அலையில் ஒரு பகுதியைச் செய்மதிக்கே திருப்பியனுப்பும். அசையாத நீர்ப்பரப்போ கண்ணாடி போல அதை வேறு பக்கம் தெறிக்கவிடும். அதனால் படத்தில் நீர் கறுப்பாக விழும். டித்வாவின்போது செய்மதித் தரவுகளை ஆராய்ந்த ஐ.நா. அபிவிருத்தித் திட்டம், 11 இலட்சம் ஹெக்டேயருக்கு மேல் நீரில் இருந்ததாகவும், வெள்ளம் சூழ்ந்த இடங்களில் 23 இலட்சம் பேர் வாழ்ந்ததாகவும் கணித்தது.

புத்தளம் கரையில் இந்தக் கறுப்பை அப்படியே நம்பிவிட முடியாது. பாலாவி உப்பளம் கறுப்பு, களப்பு கறுப்பு, முந்தல் பக்கத்து இறால் பண்ணைக் குளங்களும் கறுப்பு. ஆகவே கோடைக் காலத்துப் படத்தை அருகில் வைத்து, எப்போதும் நீர் நிற்கும் இடங்களைக் கழிக்க வேண்டும். தென்னந்தோட்டங்கள் இன்னொரு சிக்கல். அடர்ந்த ஓலைகளிலேயே இந்த அலை சிதறிப்போவதால், கீழே இடுப்பளவு தண்ணீர் நின்றாலும் படம் காட்டிக்கொடுக்காது. 2025 ஜூலையில் சிறீஹரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செய்மதியின் 24 சென்ரிமீற்றர் அலை இலைகளுக்குள் இன்னும் ஆழமாகப் போகக்கூடியது; தென்னை நாட்டுக்கு அது பெரிய வரவு.

நகரத்தில் கணக்கே தலைகீழாகும். நெருக்கமான கடைத்தெருவில் நீரில் பட்ட அலை சுவரிலும் மோதி, செய்மதிக்கே திரும்பிவிடுகிறது. வெள்ளம் நின்ற தெரு கறுப்பதற்குப் பதில் வழக்கத்தைவிடப் பளிச்சென்று தெரியும். கறுப்பை மட்டும் தேடும் கணினி நிரல், மக்கள் மிக நெருக்கமாக வாழும் இடத்தையே ஆபத்தில்லாத இடமென்று குறித்துவிடும். மிகவும் கவலைப்பட வேண்டிய பிழை இதுதான் என்பேன்.

இன்னொன்று, ஒரு சென்டினல்-1 செய்மதி அதே பாதைக்குத் திரும்பிவரப் பன்னிரண்டு நாட்களாகும். வெள்ளத்தின் உச்சம் அதற்காகக் காத்திருப்பதில்லை. எனவே ஒரு படத்தை வைத்து வெள்ள அபாய வரைபடம் தயாரிக்க முடியாது. சென்டினல்-1 2014 இலிருந்து எடுத்த படங்களை அடுக்கி, எந்த நிலம் எத்தனை முறை நனைந்தது என்று எண்ண வேண்டும். அதோடு நில உயரத் தரவையும் சேர்க்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் உயர வரைபடங்கள் பல இடங்களில் தென்னை உச்சியையே தரையாக எண்ணுகின்றன. கடல் மட்டத்திலிருந்து ஒன்றிரண்டு மீற்றரே உயர்ந்த கரையில், அந்தப் பிழை ஒரு கிராமத்தையே மேட்டில் ஏற்றிவிடும். விமானத்திலிருந்து லேசர் கொண்டு அளப்பதே இதற்குச் சரியான மருந்து.

அதுவரை வரைபடத்தைத் திருத்தக்கூடியவர்கள் ஊரார்தான். உங்கள் வீட்டுச் சுவரில் வெள்ளக்கறை இன்னும் இருந்தால், வெள்ளை அடிக்கும் முன் அதன் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து, திகதியோடு படமெடுத்துக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்து வையுங்கள்.